வெங்கடம்மாவின் மொட்டை முதுகு ஆடுகள்

எல்லையோரப் பேரிகை ஊர் வெங்கடம்மாவுக்கு வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, ரேஷன் கடையில் தமிழ். ஆடுகளிடம் மூன்றும் பேசுவாள். திட்டு மட்டும் தெலுங்கில். ஊரைச் சுற்றி மேய்ந்த இடமெல்லாம் கம்பெனி வேலிக்குள் போய்விட்டதால், கேழ்வரகு அறுப்பு முடிந்ததும் மந்தையோடு எல்லை தாண்டி, கன்னட நாட்டு மாலூர்ப் பக்கம் போவாள். அங்கே கிருஷ்ணப்பன் நிலத்தில் ராத்திரி மந்தையை அடைத்துக் கிடை போடுவாள். ஆட்டுக்கு அறுத்த கேழ்வரகுத் தாள், நிலத்துக்கு எருவாகப் புழுக்கை.

இந்த வருஷம் காவிரித் தகராறு வந்து தொலைத்தது. எங்கள் பக்கம் மறியல். மந்தைகள் கலந்தால் அடையாளம் தெரிய, அவள் ஆடுகளின் முதுகில் மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் பூசுவது வழக்கம். அது மறியலில் நின்ற விமல்ராஜ் கண்ணில் பட்டது.

"என்னாக்கா, கன்னடக் கொடிய ஆட்டு மேல ஏத்திக்கினு போற?"

"அது எப்பவும் பூசற சாயம்டா!"

அவன் விடவில்லை. கழுவினால் போகிற சாயமா அது? கத்தரி வாங்கி, முதுகு மயிரையே வெட்டினாள். சவரக்கடையில் பாதியில் எழுந்து வந்தவர்கள் மாதிரி ஆடுகள் நின்றன.

அந்தப் பக்கமும் மறியல். "தமிழ்நாட்டிலிருந்து ஒரு துரும்பும் வரக்கூடாது!" முன்னால் நின்று கத்தியவன் கிருஷ்ணப்பனேதான், மஞ்சள் சிவப்புத் துண்டோடு. அந்தச் சாயம் இருந்திருந்தால் மாலை போட்டே விட்டிருப்பார்கள். திரும்பிப் போனால் மேய்ச்சல் இல்லை. மந்தையைக் கறிக்குத்தான் விற்க வேண்டும்.

வெங்கடம்மா கன்னடத்தில் பேசினாள். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"போறேண்ணா. புழுக்கைய வேற யார் நெலத்துலயாவது போட்டுக்கறேன்."

கோஷம் பாதியில் நின்றது. "வாயில்லாச் சீவனப்பா, விடுங்க!" என்றான் கிருஷ்ணப்பன்.

"அந்தம்மா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அவ இல்லாம ஆடு நகராது."

மறுநாள் காலை நிலமெல்லாம் புழுக்கை. கிருஷ்ணப்பன் பூரித்துப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"எங்கண்ணா கெளம்பிட்ட?"

"மறியலுக்குத்தான். தமிழ்நாட்டுக்காரங்க ஒருத்தரயும் உள்ள விடக்கூடாது."

"அப்ப நான் யாரு?"

அவன் தலையைச் சொறிந்தான். "நீ நம்ம வெங்கடம்மா."

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"அத அங்க ரோட்டுல நின்னு சொல்லேன்."

கிருஷ்ணப்பன் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தான்.