சத்தம் வராத டியூஷன்

பிள்ளை நல்ல மார்க் வாங்கினால் அது பிள்ளையின் மூளை, வாங்காவிட்டால் அது நம் டியூஷன். வீட்டில் டியூஷன் எடுக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு ராயப்பேட்டையில் ஒரு மாடி வீடு, டியூஷனுக்கு ஆறு பிள்ளைகள். சின்ன வயதில் நான் படித்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். அவர் நம் பக்கம் திரும்புவதற்குள் நாமே பாதி படித்து முடித்திருப்போம். அதே முறையை இங்கேயும் வைத்தேன்: கேட்டவுடன் பதில் சொல்வதில்லை, அவர்களே கண்டுபிடிக்கட்டும். தொட்டிலில் என் பாப்பா தூங்குவதால் எனக்கும் அது வசதி.

காது கொடுத்துக் கேட்டவர்

நாலாவது படிக்கும் ரியாஸின் அம்மா ஷமீம் அக்கா, சமோசா போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். என் ஆறு பிள்ளைகளில் நாலு பேர் அவர் சொல்லி வந்தவர்கள். அவர் மகனை நிறுத்தினால் என் டியூஷன் காலி. ஒருநாள் அவர் மாடிப்படியில் நின்று வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஆறு பேரும் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, டியூஷன் நடக்குதா, தூங்குறீங்களா? தெருமுனை மிஸ் பாடம் நடத்துனா எங்க அடுப்பாண்ட வரைக்கும் கேக்குது."

மூன்றாவது ஆள்

சந்தேகம் வந்தால் முதலில் புத்தகத்தைப் பார், அப்புறம் பக்கத்துப் பிள்ளையைக் கேள், மூன்றாவதாக ஒரு பெரியவரைக் கேள், அதற்கும் பிறகுதான் நான். இது என் சட்டம். உள்ளறையில் என் வீட்டுக்காரர் லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். பெரியவர் என்று கண்ணில் பட்டவர் அவர்தான். ரியாஸ் நேரே போய், "அங்கிள், கடல் தண்ணி ஏன் உப்பு கரிக்குது?" என்றான். இவர் விழித்தார். லேப்டாப்புக்குள் இருந்த மேனேஜர் ஆரம்பித்துவிட்டார். மழை, பாறை, ஆறு என்று அவர் முடிப்பதற்குள் மீட்டிங் நேரமே முடிந்துவிட்டது.

வெளியே வந்தவர் சொன்னார்: "நாளைக்கும் இதே நேரத்துக்கு மீட்டிங் போட்டிருக்காரு. அந்தப் பையனை எரிமலை பத்திக் கேக்கச் சொல்றாரு."

மக்கு மிஸ்

அடுத்தது என் செல்ல முறை. தெரியாத மாதிரி முழிப்பது. "வகுத்தல் எனக்குக் குழப்பமா இருக்குடா" என்றால் போதும், பிள்ளைகள் எனக்குச் சொல்லித்தரப் போட்டி போடுவார்கள். சொல்லித்தர வேண்டுமென்றால் முதலில் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டுமே. ரியாஸ் அரை மணி நேரம் எனக்காகப் பாடுபட்டான். போகும்போது, "நாளைக்கு வந்துடும் மிஸ், பயப்படாதீங்க" என்று தைரியம் வேறு சொன்னான். அதோடு விட்டானா?

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: "மிஸ் பாவம்மா, வகுத்தலே தெரில. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் குடுத்துக்கினு கீறேன்."

யார் சொல்லித் தந்தது?

மறுநாள் ஷமீம் அக்கா மகனின் பையை எடுத்துப்போகவே வந்துவிட்டார். நான் நடித்ததாகச் சொன்னதை அவர் நம்பவில்லை. "எண்பத்துநாலு சமோசா, ஆறு கடைக்குச் சமமாப் போடணும். சொல்றா" என்றார் மகனிடம். அவன் தரையில் சாக்பீஸால் ஆறு வட்டம் போட்டான். வட்டத்துக்குப் பத்து, அறுபது போச்சு. மீதி இருபத்துநாலை நாலு நாலாகப் போட்டான். "பதினாலும்மா."

அக்கா முகம் மலர்ந்தது. "யார்ரா இப்டி சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நானே கத்துக்கினேன்."

நான் ஆசைப்பட்ட பதில் அதுதான். அது இப்படியா வந்து விழவேண்டும்?

"அப்ப நீ இன்னாத்துக்கும்மா?" என்று பையைத் தூக்கினார் அக்கா. ரியாஸ் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். "நான் வரலேன்னா மிஸ்ஸுக்கு யாரு சொல்லித் தருவா? இன்னும் பின்னம் வேற கீது."

அக்கா என்னைப் பார்த்தார். அப்படிப் பரிதாபமாக என்னை யாரும் பார்த்ததில்லை. பையைக் கீழே வைத்தார்.

"சரி, வரட்டும். ஆனா நீயாவது கொஞ்சம் சத்தமாப் படிம்மா, தெருவுக்குக் கேக்கணும்."

இப்போது தினமும் சாயங்காலம் நான் தெரு அதிர வாய்ப்பாடு சொல்கிறேன், பாப்பா கூடச் சேர்ந்து அலறுகிறாள், பிள்ளைகளோ எங்கள் சத்தம் தாங்காமல் மொட்டைமாடிக்குப் போய்த் தாங்களாகவே படித்துக்கொள்கிறார்கள்.