அப்பாவுக்கு ஒரு ராணுவ வெஸ்ட்

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் நசுங்கியபடி கைப்பேசியில் ஒரு ராணுவ பாணி வெஸ்ட்டை, சட்டைக்கு மேல் மாட்டும் கையில்லாத மேலங்கியை, பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வெஸ்ட் முழுக்க வரிசையாகப் பட்டைகள். வேண்டிய பையை வேண்டிய இடத்தில் கோத்துக்கொள்ளலாம். அப்பாவின் சின்ன ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஒரு பை, மாத்திரைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. நுரையீரல் கெட்டதிலிருந்து வாசலைத் தாண்டாதவர், இந்தக் கருட சேவைக்காவது தெருமுனை வரை நடந்துபோய்ச் சாமியைப் பார்த்துவிடுவார்.

பத்து நாள் விமர்சனங்களாகப் படித்தேன். துணி, கொக்கி, தையல் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் வாங்கினேன். கருட சேவைக்கு முந்தைய நாள்தான் வந்து சேர்ந்தது.

விடியற்காலையில் மாட்டிவிட்டதும் அப்பா கண்ணாடியைப் பார்த்தார். "இன்னாபா, சாமி பாக்க அனுப்பறியா, சண்டைக்கு அனுப்பறியா?"

சிலிண்டர் ஆடக் கூடாதென்று மார்புப் பட்டையை இழுத்து இறுக்கினேன். நாலாவது வீட்டு வாசலில் அவர் நின்றுவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. "அவுத்துடுப்பா, மூச்சு இழுக்க முடியல." அவிழ்த்துவிட்டு, மெல்ல வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தேன்.

அவ்வளவு படித்த நான், மூச்சிழுத்தால் மார்பு விரியும் என்பதை யோசிக்கவே இல்லை.

மேளச் சத்தம் தெருமுனையைக் கடந்தபோது அவர் கட்டிலில் கிடந்தபடி கைகூப்பினார். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்பா" என்றார். அடுத்த வருடத்தைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது இடுப்பில் கட்டும் பெல்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சிலிண்டருக்கு மட்டும் ஒரு பை. மற்றதை நான் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குள்ளேயே பத்து அடி நடந்து பார்க்கச் சொல்லி அவரிடம் கேட்கப்போகிறேன்.