முனிர்கா சாரின் இங்கிலீஷ்

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன்பே அப்பா என்னை டெல்லி முனிர்காவில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்துவிட்டார். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலச் சொற்கள் சொல்லிக்கொடுக்கும் இடம். செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரே அறை, நாற்பது பேர்.

அந்த சார் எந்தச் சொல்லையும் சும்மா விடமாட்டார். அதன் காதைத் திருகி, ஓசையில் ஒத்துப்போகும் வேறொரு சொல்லோடு கட்டிவைப்பார். அதற்கு 'ட்ரிக்' என்று பெயர். ஒரு நாளைக்கு ஐம்பது ட்ரிக்குகளை நாங்கள் கோரஸாகக் கத்துவோம். யாரும் ஒரு முழு ஆங்கில வாக்கியத்தைப் படித்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பலகையில் 'எனர்வேட்' என்று எழுதினார். "எனர்ஜி மாதிரி. அதாவது சுறுசுறுப்பு தருவது" என்று ஹிந்தியில் விளக்கினார். நாற்பது பேனாக்களில் முப்பத்தொன்பது ஓடின.

நான் எழுந்தேன். "சார், அர்த்தம் நேர் எதிர். சோர்ந்துபோகச் செய்வது." போனில் அகராதியைத் திறந்து நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவேயில்லை. தான் போட்ட புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அட்டை முழுக்க அவர் முகம். "பேட்டா, கிதாப் மைனே லிகீ ஹை" என்றார். புத்தகம் எழுதியவர் அவராம், நான் யார் கேட்க? வகுப்பே சிரித்தது.

ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசு குவார்ட்டர்ஸுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"புஸ்தகமே போட்டிருக்காரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிரப் போவுது? பேசாம எழுதிட்டு வா, ஏட்டி."

"தப்பை எழுதச் சொல்லுதீங்களா?"

"நாப்பது பேரும் எழுதுதாங்கல்லா?"

இருபத்தைந்து வருடம் மேலதிகாரி எழுதியதற்குக் கீழேயே குறிப்பெழுதிப் பழகியவரிடம் வேறென்ன கிடைக்கும்?

அதோடு அங்கே போவதை நிறுத்தினேன். கட்டிய ஃபீஸ் போச்சென்று அப்பா ஒரு வாரம் புலம்பினார். மூன்று மாதம் வீட்டில் செய்தித்தாளை வரிவரியாகப் படித்தேன். தெரியாத சொல்லை அது இருந்த வாக்கியத்தோடேயே எழுதிவைத்துக்கொண்டேன். தேர்வெழுதி, கேட்ட கல்லூரியும் கிடைத்தது.

அடுத்த வாரமே முனிர்காவில், கோச்சிங் சென்டரின் வெற்றி மாணவர்கள் என்று ஃப்ளெக்ஸ் பேனர் ஏறியது. நடுவில் நான். சேர்க்கைப் படிவத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். கொதித்துப்போய் மாடியேறினேன். சாருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

"கௌன்ஸா பேட்ச்?" என்றார். நான் எந்த பேட்ச் என்று கேட்கிறார்.

ஜன்னல் வழியாக பேனரைக் காட்டினேன். என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார். "அச்சா, அச்சா! காலேஜ் கிடைத்ததற்கு மிட்டாய் எங்கே?"

கழற்றச் சொன்னேன். தலையாட்டினார். கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, அப்பா ஆட்டோவை நேரே அந்த பேனருக்கு விடச் சொன்னார். அம்மாவை அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்தார். தானும் நின்று ஒன்று எடுக்கச் செய்தார். "நான்தான் சேர்த்துவிட்டேன்" என்று ஆட்டோக்காரரிடம் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீயும் வந்து நில்லு" என்று என்னைக் கூப்பிட்டார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் போய் நின்றேன். ஊர்ச் சொந்தக்காரர்கள் குரூப்பில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வேறு இருக்கிறேன்.