என் பெயரில் இன்னொரு இலக்கம்

அந்த வருடங்களில் என் கைப்பைக்குள் எப்போதும் ஆறேழு போட்டோ கொப்பிகள் கிடக்கும். அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், பொலிஸ் பதிவுத் துண்டு. வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லாருடைய பைகளிலும் அவை கிடந்தன. குடையை மறந்து வெளிக்கிடுவோம், கொப்பியை மறக்க மாட்டோம். ஒன்று கேட்டால் இரண்டாக நீட்டிவிடுவோம். கேட்கிறவரின் முகம் மாறுவதற்குள் கொடுத்துவிட வேண்டுமென்று கை தானாகவே அவசரப்படும்.

அந்த அவசரத்தோடுதான் காலி வீதியில் இருந்த ஒரு கைத்தொலைபேசிக் கடைக்குள் போனேன். யுத்தம் என்று வடக்குக்குப் போகும் பாதையை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. பின்னேரம் அலுவலகத்தால் வரப் பிந்தினால், நான் எந்தச் சோதனைச் சாவடியில் நிற்கிறேன் என்று என் கணவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒரு போன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும்போதே உள்ளே யாரோ தமிழில் சிரித்துக் கதைப்பது கேட்டது. அது போதுமாக இருந்தது.

விற்பனைக்கு நின்றவர் இஸ்திரி கலையாத சேர்ட்டில், பல் தெரியச் சிரிப்பவர். "வாங்கோ அக்கா" என்றார். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு எடுத்தால் நல்லது என்றார். என் பெயரில் வீட்டுக்கு வந்த ஒரு பில்லைப் பார்த்துவிட்டு, அடையாள அட்டைக் கொப்பி ஒன்று கேட்டார். இரண்டு கொடுத்தேன். இரண்டு படிவங்களை மேசையில் விரித்தார்.

"இது எங்களுக்கு, இது ஹெட் ஒபிசுக்கு. ரெண்டிலயும் ஒவ்வொரு கையெழுத்து வையுங்கோ."

வைத்தேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஓர் அலுவலகத்தில் இருந்து ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்குவதுதான் என் வேலை. காற்புள்ளிக்கு ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பேன். ஆனால் அன்று ஒரு மனிதர் என் மொழியில் கதைத்துக்கொண்டிருந்தார். கொழும்பில் ஒரு கடைக்குள் நின்று அடித்தொண்டையைத் தளர்த்தி மூச்சுவிடக் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம். ஒரு வரியையும் வாசிக்கவில்லை.

அடுத்த மாதம் தபால்காரர் இரண்டு கடித உறைகளைக் கொண்டுவந்தார். இரண்டிலும் என் பெயர், என் முகவரி. முதலாவதில் என் இலக்கம். இரண்டாவதில் நான் ஒருநாளும் காணாத ஒரு இலக்கம், அதன் கீழே அந்த மாதம் அது எடுத்த அழைப்புகளின் பட்டியல். எல்லாம் ஒரே இலக்கத்துக்கு. மன்னார். விடியற்காலை நாலரை, ஐந்து, ஐந்தேகால். ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை.

நின்றபடியே வாசித்தேன். இருந்து வாசித்தேன். பிறகு மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு வாசித்தேன், ஏதோ காற்றில்தான் எழுத்துகள் மாறியிருக்கின்றன என்பதுபோல.

"மொழிபெயர்ப்பாளர் அம்மா" என்றார் என் கணவர், "ஊரார்ட கடுதாசி எல்லாம் திருத்துறீர். நீர் கையெழுத்து வைச்ச இடத்துக்கு மேல என்ன எழுதியிருந்தது?"

"பகிடி விடாதேங்கோ அப்பா. இது என்னெண்டு பாருங்கோ."

பார்த்தார். பகிடி நின்றுவிட்டது. யன்னலைச் சாத்தினார்.

அந்த நாட்களில் ஒரு சிம் அட்டை எங்கேயாவது பிடிபட்டால், அது யாருடைய கையில் இருந்தது என்று பிறகுதான் கேட்பார்கள். முதலில் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்த்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மன்னாருக்கு விடியப்புறத்தில் ஒவ்வொரு நாளும் அரை நிமிடம் பேசுகிற ஒரு ஆள் இந்த நகரத்தில் எங்கோ இருந்தார். அவருக்கு என் பெயர்.

கடைக்காரர் என்னைக் கண்டதும் சிரிப்பை மாற்றவேயில்லை.

"நீங்கதானே அக்கா ரெண்டு கொப்பி தந்தீங்கள்?"

"தந்தால்?"

"ரெண்டு கொப்பிக்கு ரெண்டு கனெக்சன். அது ஒரு ஒஃபர்."

"மற்ற சிம் எங்க?"

"அது போயிட்டுது."

"எங்க போனது?"

"சும்மா பயப்பிடாதேங்கோ. நல்ல ஆக்கள்தான் பாவிக்கினம். எங்கட ஆக்கள்."

எங்கட ஆக்கள். அந்தச் சொல்லில் ஏறித்தான் முதல் நாள் அந்தக் கதவுக்குள் நுழைந்திருந்தேன்.

தலைமை அலுவலகத்தில் துண்டெடுத்து, வரிசையில் இருந்து, எழும்பி, தண்ணீர் குடித்து, மறுபடி இருந்தேன். கவுன்டரில் இருந்த சிங்களப் பெண் மரியாதையானவள். கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒப்பந்தம் முடிய முன்னர் நிறுத்துவதென்றால் அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்றாள். அட்டை என்னிடம் இல்லை என்றேன்.

"எஹெனம் பொலிஸ் என்ட்ரி எகக் கேன்ன, மிஸ்."

பொலிசுக்குப் போய் முறையிட்டு, அந்தத் துண்டைக் கொண்டு வா. அவளுக்கு அது மழைக்குக் குடை கொண்டு வா என்பதுபோல ஒரு சாதாரண வசனம்.

வீடுவரை நடந்தேன். பஸ்ஸில் ஏறினால் இருக்கவேண்டி வரும், இருக்க முடியவில்லை. நடக்க நடக்க அந்த முறைப்பாட்டை எழுதிப் பார்த்தேன். என் பெயரில் ஒரு சிம் இருக்கிறது ஐயா. அது யாரிடம் என்று தெரியாது. அவர் தினமும் மன்னாருக்குக் கதைக்கிறார். தமிழில் சொல்லிப் பார்த்தேன், சிங்களத்தில், ஆங்கிலத்தில். சொற்களை முன்பின் மாற்றினேன். மூன்று மொழியிலும் அது ஒரு குற்ற ஒப்புதலாகவே வந்து நின்றது. பக்கத்தில் கடல் தன்பாட்டுக்குக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது. தண்டவாளம் அதிர்ந்தது. பம்பலப்பிட்டியில் ஒருமுறை, வெள்ளவத்தையில் ஒருமுறை பையைத் திறந்து காட்டினேன்.

அடுத்த நாள் என் பெயரில் இருந்த அந்த இரண்டாவது இலக்கத்துக்கு நானே எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே தூக்கிவிட்டார்கள்.

"மக?" என்றது ஒரு பெண் குரல். "வந்தாச்சா?"

நான் யார் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுவதும் பாத்திரம் விழுவதும் கேட்டன.

"ஐயோ மிஸ்" என்றாள். "என்ட பேர்ல எடுத்துத் தாறேன்னுதானே அந்தக் கடைக்காரர் சொன்னாரு?"

மட்டக்குளியில் வரிசை வீடொன்றில் இருந்தாள். போன் எடுக்க வீட்டு முகவரியில் ஒரு பில் வேண்டும். அந்த வரிசை முழுவதற்கும் ஒரே மின்சார பில், அது வீட்டுச் சொந்தக்காரன் பெயரில். ஆகவே எங்கட ஆக்களில் ஒருத்தியின் கொப்பியை எங்கட ஆக்களில் இன்னொருத்திக்கு ஒட்டிவிட்டிருந்தார் அந்த மனிதர்.

மறுநாள் தலைமை அலுவலக வாசலில் சந்தித்தோம். நீலப் பாவாடை, கழுத்தில் செபமாலை. மருந்துக்கடைக் கடதாசிப் பையில் சிம்மைச் சுற்றி உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தாள்.

"நீங்களா மிஸ்? பேரக் கேட்டுட்டு நல்ல உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன் ஒவ்வொரு நாளும் மன்னாருக்கு எடுக்கிறனீங்கள்?"

"மருமகன் கடலுக்குப் போறான் மிஸ். நேவி பாஸ் குடுத்தாத்தான் போகலாம். சில நாள் போறவங்க எல்லாரும் திரும்பி வாறதில்ல. வந்தாச்சான்னு கேட்பேன். வந்தாச்சும்பா மக. எத்தன பேருன்னு கேட்பேன். நாலு பேரும்பா. வெச்சிருவேன். வேற என்ன கதைக்க?"

வந்தாச்சா. வந்தாச்சு. எத்தனை பேர். நாலு பேர். ஒரு மாதம் முழுக்க, என் பெயரில். எங்காவது ஓர் அறையில் காதில் கருவி மாட்டிய ஒருவர் இதைக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பதை நினைத்தேன். அவர் எழுதுவதை எந்த மொழிபெயர்ப்பாளராலும் திருத்த முடியாது.

அவள் தர்க்கம் செய்யவில்லை, கெஞ்சவில்லை. பயம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கவுன்டர் பெண் அட்டையை வாங்கிக் கத்தரிக்கோலால் நடுவாக வெட்டினாள். நகம் வெட்டும் சத்தம். கையெழுத்து வைத்தேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வெயில். அவள் போகாமல் நின்றாள்.

"மிஸ், நான் மகளுக்குக் கொமியுனிகேசன் கடைலயிருந்து எடுத்துக்கிடுவேன். ஆனா அது திறக்க எட்டு மணியாகும், அதுக்குள்ள மக வேலைக்குப் போயிருவா. விடியக்காலைல அவ எடுத்துச் சொல்ல ஒரு நம்பர் இல்ல. உங்கட நம்பரக் குடுங்க. வந்தாச்சுன்னு மட்டும் சொல்லுவா. நான் கட திறந்ததும் உங்களுக்கு எடுத்துக் கேட்டுக்கிடுவேன்."

வீதியில் ஒரு ஜீப் மெதுவாகப் போனது. சாவடிகளில் போனை வாங்கி, யார் யார் எடுத்தார்கள் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். சுத்தமான போனோடு வீட்டுக்குப் போகத்தான் இத்தனை நாள் அலைந்தேன்.

என் இலக்கத்தைச் சொன்னேன். கடைசி இரண்டு எண்களையும் இடம் மாற்றிச் சொன்னேன்.

அவளிடம் பேனை இல்லை. மூன்று தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், நான்காம் தரம் என்னிடம் ஒப்புவித்தாள். "சரிதானே மிஸ்?"

"ஓம்" என்றேன்.

மட்டக்குளி பஸ் வந்தது. ஏறி, யன்னலால் கை காட்டினாள்.

"முடிஞ்சுதோ?" என்று வீட்டில் கேட்டார் என் கணவர். முடிந்தது என்றேன். இரண்டாவது பில்லைத் துண்டு துண்டாகக் கிழித்து, மலசலகூடத்துக்குள் போட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். "இனியாவது நித்திரை கொள்ளும்" என்றார்.

கொள்ளவில்லை. நாலரைக்குக் கண் விழிப்பேன். போன் மேசையில் கறுப்பாகக் கிடக்கும், சத்தமில்லாமல். அது அடிக்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கிழமை அப்படிப் போனது. ஒருநாள் அலுவலகத்துத் தொலைபேசியில், நான் அவளுக்கு மாற்றிச் சொன்ன அந்த இலக்கத்தைச் சுழற்றினேன். பாவனையில் இல்லாத இலக்கமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே சுழற்றினேன்.

வயதான ஓர் ஆண் எடுத்தார். நான் ஹலோ சொன்ன விதத்திலேயே தமிழ் ஆள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. சிங்களத்தில், கோபமில்லாமல், களைத்துப்போய்ச் சொன்னார்:

"அம்மா இங்கே இல்லை மகள். ஒரு பெண்பிள்ளை ஒவ்வொரு விடியற்காலையும் எடுத்து அம்மா, அம்மா என்கிறது. இரண்டு நாளாக அழுகிறது. நான் சொல்வது அதற்கு விளங்குதில்லை. நீங்களாவது அதற்குச் சொல்லுங்கள்."

என் முன்னால் அரைவாசி தமிழாக்கிய கடிதமொன்று கிடந்தது.

"ஹரி" என்றேன், சரி என்று. வைத்துவிட்டேன்.