அரைச் சுற்று

ஸ்டெல்லாவின் விரல்களை நசுக்கியது இயந்திரமல்ல. நான்தான்! தெரிந்தே நசுக்கினேன்.

என்னை உங்களுக்குத் தெரியாது. செப்புத் தகட்டில் கீறி, மை பூசிப் படம் எடுக்கும் ஓவியர்களுக்காக லிங்கராஜபுரத்தில் அச்சு இயந்திரம் செய்பவன். இரண்டு இரும்பு உருளைகள், நடுவே ஓடும் பலகை, பக்கத்தில் ஒரு கைச்சக்கரம். நான் கியர் அமைத்தால் குழந்தைகூட ஒரு கையால் சுற்றிவிடும். அதில் எனக்கு எத்தனை கர்வம்...

ஸ்டெல்லா அல்சூரில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் ஓவியர். புது இயந்திரத்தை அங்கே பொருத்தி முதல் படம் எடுத்தோம். சக்கரம் என் கையில். தகட்டின் மேல் போர்த்திய கம்பளி சுருங்காமல் உருளையோரம் நீவிவிடுவது அவள் வேலை. படத்தின் இடது ஓரம் மங்கலாக விழுந்தது. உருளையை அழுத்தும் திருகைச் சரிசெய்தேன். மறுபடியும் மங்கல். மூன்றாம் முறையும்!

"இதுக்கு எங்க வீட்டு சப்பாத்திக் கட்டையே தேவலாம்ணா," என்றாள். பார்க்க வந்திருந்த ஓவியர்கள் சிரித்தார்கள்.

வெறும் கேலி. ஆனாலும் எனக்குக் காது மடல் வரை எரிந்தது. நான்காம் முறை சுற்றினேன், வெறியோடு.

"அண்ணா, நிறுத்துங்க... கை, கை!"

கேட்டது. தெளிவாகக் கேட்டது! கம்பளியோடு அவள் விரல் நுனிகள் உள்ளே போயிருந்தன. அப்போதே நிறுத்தியிருந்தால் நகத்தோடு போயிருக்கும். இப்போது சிரி பார்க்கலாம் என்று பல்லைக் கடித்தேன். இன்னும் அரைச் சுற்று சுற்றினேன். எலும்பு நொறுங்கியது என் காதில் விழுந்தது. வெள்ளைக் கம்பளியில் இரத்தம் குபுகுபுவென்று பரவியது. அவள் அலறினாள்... அதன் பிறகே கையை எடுத்தேன்.

நீங்களே சொல்லுங்கள், அரைச் சுற்றுக்கு எவ்வளவு நேரமாகும்? மனம் மாற அது போதாதா?

வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"அந்த கியர்ல சுத்துற கைக்கு ஒண்ணுமே தெரியாதும்மா," என்று ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவிடம் அழுதேன். பொய்யில்லை. கைக்குத் தெரியாது. காதுக்கு? எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். கட்டுப்போட்ட கையோடு ஸ்டெல்லாவும்!

போன வாரம் பட்டறைக்கு வந்தாள். இடது கையால் வரையப் பழகிவிட்டாளாம்.

"திரும்பப் படம் எடுக்கணும்ணா. நீங்களே வந்து சுத்துங்க. வேற யாரையும் நம்பிக் கை வைக்க பயமா இருக்கு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்... "வரேம்மா" என்றுதான் வந்தது.

போனேன். மிச்சமிருந்த நல்ல கையை அவள் கம்பளியின் மேல் வைத்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சுற்றினேன்.