மூக்கக்காவும் ஊறல் சீப்புகளும்

எங்கள் தொழிற்சாலைச் சீப்பின் அட்டைப்பெட்டியில் என்னென்னவோ போட்டிருக்கும். முடி கொட்டுவது நிற்கும், பொடுகு போகும், தலைவலி தீரும், நல்ல தூக்கம் வரும். மாமியார் தொல்லை தீரும் என்பதை மட்டும்தான் விட்டுவிட்டார்கள். இதைச் சத்தமாகச் சொல்லி ஒருமுறை சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு வாய் அப்படி. உள்ளே நுழைந்தால் மோட்டார் சத்தம் கேட்பதற்கு முன்னால் என் சத்தம்தான் கேட்கும் என்பார்கள். அந்த வாய், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் போனது. அதனால் ஒரு மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

மூக்கக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு பெயர் இருந்தது, வருகைப் பதிவேட்டில் மட்டும். மற்றபடி எல்லோருக்கும் மூக்கக்கா. அழகான மூக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், நடுவில் சற்று அமுங்கிய சாதாரண மூக்குதான். ஆனால் அந்த மூக்கை நம்பித்தான் ஊறல் அறையே ஓடியது.

மரச்சீப்புகளைப் பல் வெட்டி, தேய்த்து, எங்கள் பக்கம் அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைக் கம்பியில் கோத்து, வெதுவெதுப்பான எண்ணெய்த் தொட்டியில் இறக்குவோம். வேப்பெண்ணெய், புதினாத் தைலம், இன்னும் நாலைந்து இலைகளின் சாறு. பத்து நாள் ஊறலாம், பதினைந்து நாளும் ஊறலாம். மரத்தையும் பருவத்தையும் பொறுத்தது. சீக்கிரம் எடுத்தால் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்காது, இரண்டு வாரத்தில் வெறும் கட்டையாகிவிடும். தாமதித்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், பற்கள் உப்பி விரியும். கடிகாரம், காலண்டர் எதுவும் உதவாது. ஒரு சீப்பை எடுத்து, துடைத்து, மூக்கருகே வைத்துப் பார்க்க வேண்டும். பச்சை மர வாசனை போய் எண்ணெய் வாசனை அடங்கி வரும் அந்த ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். அக்கா பதினைந்து வருஷம் அதைப் பிடித்தாள். ஒரு தொட்டிகூட வீணானதில்லை.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் காலால் மிதிக்கிற தையல் மெஷின் ஒன்று. எங்களுக்கெல்லாம் தலைக்குப் போடும் துணித்தொப்பி அவர் தைத்ததுதான். அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டம்மா மூக்கு இருக்கே, அது அடுத்த தெருவுல பால் பொங்கறதைக் கண்டுபிடிச்சிடும்" என்பார். அக்கா உள்ளேயிருந்து, "ஆமா, இங்க பீடி பிடிச்சதையும் கண்டுபிடிச்சிடுச்சு" என்பாள். அவருக்கு முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அக்கா வீட்டுக்காரர் என்பதால் எனக்கு மாமா. என்னை அவர் கூப்பிடுவது வாயாடி என்று.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்து எழுந்தாள். எழுந்து வந்த அன்று காலையில் சீப்பை மூக்கில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு என்னை உலர்த்தும் தட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒண்ணுமே தெரியலடி."

"சளியா இருக்கும்க்கா. சரியாயிடும்."

"சளி இல்ல. வீட்டுல சோறு அடிப்பிடிச்சுக் கருகிப்போச்சு. புகை வந்து கண்ணு எரிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது."

சரியாகவில்லை. ஒரு மாதம் பார்த்தோம், மூன்று மாதம் பார்த்தோம். மூக்கு செத்துவிட்டது. ஊறல் அறையில் மூக்கு போனவளுக்கு என்ன வேலை? பெட்டி மடிக்கிற பக்கம் தள்ளிவிடுவார்கள். அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அக்காவுக்கு அது தலைகுனிவு. "மூக்கக்கான்னு கூப்பிடறாங்களேடி, அப்புறம் என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள். மாமாவிடமும் சொல்லவில்லை. அவர் அவ்வளவு பெருமை பேசுகிறாரே, அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்றாள்.

நான்தான் வழி சொன்னேன். பெரிய புத்திசாலி பாருங்கள்! சீப்பை நான் முகர்ந்து பார்ப்பது. உலர்த்தும் தட்டியின் மரக்காலில் சீப்பால் தட்டுவது. ஒரு தட்டு என்றால் இன்னும் ஊறணும். இரண்டு தட்டு என்றால் எடுக்கலாம். மூன்று தட்டு என்றால் கெட்டுப்போச்சு. அவள் சும்மா ஒரு சீப்பை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, என் தட்டுக்குக் காத்திருந்து, "எடுங்க" என்பாள். சூப்பர்வைசர் பின்னால் கைகட்டி நின்று தலையாட்டுவார். எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. நாலு வருஷம் இப்படி ஓட்டினோம். ஒருநாள்கூட நான் பொய்த் தட்டு தட்டியதில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. காலில் உணர்ச்சி குறைவு. போன வருஷம் மெஷின் மிதிக்கும் இரும்புத்தட்டின் ஓரம் கட்டைவிரலுக்குக் கீழே கிழித்துவிட்டது. ரத்தம் தரையில் வழிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. தானே துணி கிழித்துக் கட்டிக்கொண்டார். தையல்காரர் கட்டல்லவா, மடிப்புக் கலையாமல் வெள்ளையாக இருக்கும். அக்கா கேட்டாள்.

"காயம் எப்படிங்க இருக்கு?"

"ஆறிட்டு வருது. நீ உன் வேலையைப் பாரு."

கதவைச் சாத்திக்கொண்டு தானே கட்டு மாற்றினார். பழைய துணியைத் தானே கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டார். அக்காவுக்குக் கண்ணில் பட்டது வெள்ளைக் கட்டு மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வீட்டுக்குச் சீப்பு நிறையக் கொண்டுபோனாள். பல் உடைந்தவை, விரிசல் விட்டவை எல்லாம் கழிவில் போகும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மாமாவுக்குத் தலையில் ஒரே பொடுகு, அரிப்பு. அதற்காகக் கொண்டுபோய் மெஷின் மேஜையில் ஒன்று, தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று என்று வைத்தாள். காலையில் அவர் மெஷினில் உட்கார்ந்ததும் பின்னால் நின்று அவளே வாரியும் விடுவாள். இரண்டு மாதம் இப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தொப்பிக்கு அளவு கொடுக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குப்பென்று முகத்தில் அடித்தது. எண்ணெய் வாசனைக்கு அடியில் வேறொன்று, எதுவோ அழுகுகிற வாடை. எனக்குத்தான் யோசித்துப் பேசத் தெரியாதே.

"அய்யோ அக்கா, எங்கயாவது எலி செத்துக் கிடக்கா? என்ன நாத்தம் இது!"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். மெஷின் நின்றது. அக்கா அவர் தலையை வாரிக்கொண்டிருந்தாள், வாருவதை நிறுத்தாமல், "எலியாவது ஒண்ணாவது, நம்ம வீட்டுல ஏதுடி எலி?" என்றாள். மாமா கழுத்தைத் திருப்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குக் கண் நிறைந்திருந்தது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நான் வாடை வந்த வழியே போனேன். அது மெஷினுக்கு அடியில் போய் நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். வெள்ளைக் கட்டு. கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துப் பளபளத்தது.

"மாமா, கட்டை அவிழுங்க."

"வேண்டாம், விடு."

"அவிழுங்கன்னா அவிழுங்க!"

அவிழ்த்ததும் அக்கா பார்த்தாள். கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. என்னைப் பார்த்தாள். நாலு வருஷமாக என் மூலமாகவே வாசனை தெரிந்துகொண்டவள், இப்போதும் என்னைத்தான் பார்த்தாள். நான் மூக்கை மூடிய கையை எடுக்க மறந்து நின்றேன்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். விஷம் அதற்கு மேலேயும் ஏறிவிட்டது, பார்க்கலாம் என்றார் டாக்டர். அவர் பார்க்கலாம் என்று சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நாலாம் நாள் பகலில் அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"வாயாடி, உங்கக்கா மாதிரி ஒருத்தி கிடைக்கணும்டா சாமி."

"பேசாதீங்க மாமா, மூச்சு வாங்குது."

"எனக்கே அந்த நாத்தம் தாங்கலை. துணி தைக்கக் குடுக்க வந்தவங்க ரெண்டு பேரு வாசல்லயே திரும்பிப் போனாங்க. அவளுக்கு எப்பேர்ப்பட்ட மூக்கு! ரெண்டு மாசம் பக்கத்துலயே உட்கார்ந்தா, படுத்தா, ஒரு நாள் முகம் சுளிக்கலை. ஒரு வார்த்தை கேட்கலை. எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு, வாசனையா இருக்கட்டும்னு சீப்பா கொண்டுவந்து வச்சா. நீ எலின்னு சொன்னப்பகூட எப்படிச் சமாளிச்சா, பார்த்தியா?"

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"ஏன் மாமா, முன்னாடியே வந்திருக்கலாமே?"

"வந்தா காலை எடுத்துடுவாங்க. அப்புறம் மெஷினை எதால மிதிக்கிறது? அவளும் அதைப் புரிஞ்சுகிட்டுத்தான் சும்மா இருக்கான்னு நினைச்சேன். அவளே பொறுத்துக்கும்போது, இன்னும் கொஞ்சம் பார்ப்போம்னு தள்ளிட்டேன்."

முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு மூக்கு போய் நாலு வருஷமாச்சு மாமா என்று ஒரே வரி. அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்த பிறகு எந்தப் பாவி சொல்வாள்? நான் தண்ணீர் எடுத்து அவர் உதட்டை நனைத்தேன். ஆறாம் நாள் காலை அவர் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து அக்கா வேலைக்கு வந்தாள். நேராக சூப்பர்வைசரிடம் போய், "எனக்கு வாசனை தெரியாது சார். நாலு வருஷமாச்சு" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்படியானால் இத்தனை நாள் யார் பார்த்தது என்று கேட்டார். "குத்துமதிப்பா நான்தான் சொன்னேன்" என்றாள். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளைப் பெட்டி மடிக்க அனுப்பினார்கள். நாலு பேரை வைத்துச் சோதித்துவிட்டு, அவள் முக்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். அதில் உட்காரும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பெட்டிக் கட்டுகளுக்கு நடுவே உட்காருவோம். ஒருநாள் அவள் டப்பாவைத் திறக்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு நான் மருந்து வாங்கப் போனப்ப உன்கிட்ட பேசிட்டிருந்தாராமே. பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னாங்க. என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லக்கா."

"உன் வாயில ஒண்ணுமில்லன்னு வந்தா என்னமோ இருக்குன்னு அர்த்தம். சொல்லு."

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம் போட்டாள்.

"பொறுத்துகிட்டேனா? நான் பொறுத்துகிட்டேனா! எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஊரைக் கூட்டியிருக்க மாட்டேனா? திட்டி, கத்தி, சட்டையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போயிருக்க மாட்டேனா? பீடி நாத்தத்துக்கே ரெண்டு நாள் பேசாம இருந்தவடி நான். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தாரே, என்னை இவ்வளவுதான் தெரிஞ்சு வச்சிருந்தாரா?"

அவள் தோளைப் பிடித்தேன். தட்டிவிட்டாள். பிறகு அவளே என் மடியில் சாய்ந்து அழுதாள். பெட்டி மடிக்கிறவர்கள் எல்லோரும் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டார்கள்.

அழுது ஓய்ந்த பிறகு, சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே மாமாவின் சட்டைப் பையில் இருந்த சீப்பு. ஒரு பல் உடைந்தது. இடுக்கில் இரண்டு நரைமுடி.

"அவர் சட்டையெல்லாம் துவைச்சுட்டாங்கடி. இது ஒண்ணுதான் கழுவாம இருக்கு. பாரேன், அவர் வாசனை இருக்கா?"

வாங்கி மூக்கருகே வைத்தேன். கண்ணை மூடி இழுத்தேன். திருப்பி வைத்து இன்னொரு தடவை இழுத்தேன். வேப்பெண்ணெய், புதினா. ஒரு வருஷம் போனாலும் வேறு எந்த வாசனையும் ஒட்டாத அளவுக்கு ஊற வைப்பதுதானே எங்கள் வேலை. நல்ல பதத்தில் எடுத்த சீப்பு. நான் தட்டி, அவள் எடுக்கச் சொன்ன சீப்பு. அதில் மாமா இல்லவே இல்லை.

கண்ணைத் திறந்தேன். அக்கா என் வாயைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீப்பின் முதுகால் பெட்டிக் கட்டின் மேல் தட்டினேன். ஒன்று. இரண்டு.

அவள் தலையாட்டிவிட்டு, சீப்பை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள். பிறகு டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.