மூலையில் வைத்த ஸ்பீக்கர்

சர்ச் பாட்டுக் குழுவில் கட்டைக் குரலில் பாடிய ஸ்டீபன் அண்ணன் இறந்தபின், போனில் இருந்த அவன் பாட்டைக் கேட்கவே ஹட்டன் டவுனில் பெரிய ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கினேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து அறையின் மூலையில் ஒட்டி வைத்தேன். கூரைத் தகரமே அதிர்ந்தது. இதுதான் பேஸ், அண்ணன் குரலின் அடிநாதம் என்று பெருமைப்பட்டேன்.

பக்கத்து வீட்டு மேரியக்கா வந்தார்.

"ஒங்க அண்ணன் பாடுனா நம்ம ரெண்டு வீட்டு நடுச்சுவருதான் லேசா முனங்கும். தகரம் ஆடாது தம்பி. மூலையில இருந்து தள்ளி வைங்க."

இருபது வருடம் அந்தச் சுவர் வழியே அவனைக் கேட்டவர். சொன்னபடி தள்ளி வைத்து, சத்தத்தையும் குறைத்தேன். அவர் வீட்டுக்குப் போனபின் மறுபடி போட்டேன். நடுச்சுவர் லேசாக முனங்க, அண்ணனே பாடினான்.

பாட்டு முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா பழக்கத்தில் கேட்டுவிட்டார்:

"ஸ்டீபனு, தேத்தண்ணி ஊத்தவா?"

அவன் சொல்வதுபோலவே "ஊத்துங்கக்கா" என்றேன். என் குரலுக்குச் சுவர் முனங்கவில்லை.